கதவுக்குள் ஓர் இரும்புக் குழாய்

ஸ்போர்ட்ஸ் காரின் கதவைத் திறந்து, உள்பக்கத் தோல் அட்டையைக் கழற்றி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியை வெளியே எடுத்து வைக்கிறார் மெக்கானிக். இரண்டு தகரங்களுக்கு நடுவே இருக்கும் பொந்துக்குள், கீல் பக்கத்திலிருந்து பூட்டுப் பக்கம் வரை, கனத்த இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்காக வைத்துப் பற்றவைக்க வேண்டும். சூடு ஏறினால் வெளிப்பக்கத்துப் பெயின்ட் கொப்பளித்துவிடும். அதனால் கொஞ்சம் வெல்டிங், கொஞ்சம் ஆறவிடுதல், மறுபடி கொஞ்சம். வேலை முடிந்து அட்டையை மூடுவதற்கு முன் மறக்காமல் ஒரு போட்டோ. பெரும்பாலும் எந்த அதிகாரியும் கதவைத் திறந்து பார்க்கப் போவதில்லை. வாஷிங்டனுக்குப் போகும் காகிதக் கட்டில் அந்தப் போட்டோதான் சாட்சி.

1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில், வெளிநாட்டுக் கார்களை அந்நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றும் இந்த வேலையையே நம்பிப் பிழைத்த பட்டறைகள் பல இருந்தன. கதவோடு அவர்கள் வேலை முடிந்துவிடாது. பம்பருக்குப் பின்னால் இடி தாங்கும் உருளைகள் வர வேண்டும். முன்பக்க மட்கார்டின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு, பின்பக்கத்தில் சிவப்பு விளக்கு. ஐரோப்பிய ஹெட்லைட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அமெரிக்க ‘சீல்டு பீம்’. ஸ்பீடோமீட்டரில் கிலோமீட்டருக்குப் பதில் மைல். சாவியை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தால் கத்துவதற்கு ஒரு பஸ்ஸர். சீட்டுக்கும் தரைவிரிப்புக்கும் தீப்பிடிக்காமலிருக்க ரசாயனத் தெளிப்பு. புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஈயம் கலந்த பெட்ரோல் போடும் தடித்த முனை உள்ளே நுழையாதபடி டேங்கின் வாயைக் குறுக்கி, பக்கத்தில் ‘ஈயமில்லாத பெட்ரோல் மட்டும்’ என்று ஒரு ஸ்டிக்கர்.

இவ்வளவு மெனக்கெடலுக்கும் காரணம் டாலர். 1985 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு மூன்று ஜெர்மன் மார்க்குக்கும் மேல் கிடைத்தது. ஜெர்மனியில் கார் வாங்கி, கப்பல் கூலி கொடுத்து, பட்டறைக்காரருக்குப் பல ஆயிரம் டாலர் அழுத பிறகும் உள்ளூர் ஷோரூம் விலையைவிட மலிவாக இருந்தது. அந்த ஒரே ஆண்டில் 60,000-க்கும் மேற்பட்ட கார்கள் இப்படித் தனியார் கைவழியாக உள்ளே வந்தன. ‘கிரே மார்க்கெட்’ என்று அதற்குப் பெயர். கள்ளச் சந்தையும் இல்லை, வெள்ளைச் சந்தையும் இல்லை. வந்தவற்றில் பெரும்பங்கு மெர்சிடிஸ் போன்ற சொகுசு கார்கள்தான். கூடவே ஃபெராரி 512 பிபி, ஆரம்பகால லம்போர்கினி கவுன்டாச் என்று, தயாரித்த நிறுவனமே அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து அங்கே விற்காமல் விட்ட கார்களும் வந்தன.

பயந்ததில் நியாயம் இருந்தது. அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 பேர் செத்துக்கொண்டிருந்த 1966-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ரால்ஃப் நாடெர் எழுதிய புத்தகம் கார் கம்பெனிகளின் மெத்தனத்தைத் தோலுரித்திருந்தது. 1968 ஜனவரி 1 முதல் தரவிதிகள் அமலாயின. மோதினால் ஓட்டுநரின் நெஞ்சில் ஈட்டிபோலப் பாயாமல் மடங்கும் ஸ்டியரிங் தண்டு, ஒரு பக்கம் கசிந்தாலும் மறு பக்கம் பிடிக்கும் இரட்டைப் பிரேக், மெத்தை வைத்த டேஷ்போர்டு எல்லாம் அந்த அலையில் வந்தவைதான். ‘அழகான கார்களை அதிகாரிகள் கெடுத்துவிட்டார்கள்’ என்று பழைய கார் பிரியர்கள் புலம்பும்போது இந்தப் பக்கத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்ளலாம். 1961-இல் ஜெனீவாவில் வெளிவந்தபோது அதன் ஹெட்லைட்டுகள் கண்ணாடி மூடிக்குள் இருந்தன. நீண்ட மூக்கின் வளைவு எங்கும் முறியாமல் ஓடியது. அமெரிக்க விதிக்காக மூடி போயிற்று. விளக்குகள் துருத்திக்கொண்டு நின்றன. அமெரிக்கக் காரில் மூன்று எஸ்யூ கார்புரேட்டர்கள் இருந்த இடத்தில் புகை அளவுக்காக இரண்டு ஸ்ட்ராம்பெர்க். உள்ளே, டேஷ்போர்டில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த உலோகச் சுவிட்சுகளும் மாறின. போர்விமானத்தை நினைவூட்டும் அந்தச் சுவிட்சுகளை விரலால் தட்டுவதே ஒரு சுகம். மோதலில் முழங்காலோ முகமோ அவற்றின் மேல் போய் விழுந்தால் அதே சுவிட்சு ஆணியாகிவிடும். அவற்றுக்குப் பதிலாகத் தட்டையான பிளாஸ்டிக் சுவிட்சு வந்தது. மூக்கின் அழகு போனதற்கு வருத்தப்படலாம். சுவிட்சு போனதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை.

விளக்கு விஷயத்தில் அமெரிக்காவின் பிடிவாதம் வேறு ரகம். 1940 முதல் அங்கே எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி ‘சீல்டு பீம்’ விளக்குதான். பல்பு, கண்ணாடி, பிரதிபலிப்பான் மூன்றும் ஒரே உடலாக அடைக்கப்பட்டது. எந்த ஊரில் ஃப்யூஸ் போனாலும் அங்கேயே மாற்று கிடைக்கும், உள்ளே தூசியும் துருவும் ஏறாது. 1940-க்கு அது நல்ல யோசனை. ஐரோப்பா ஹாலஜனுக்குப் போன பிறகும், 1983 வரை அதையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. இந்தப் பிடிவாதத்துக்குப் பலியான சிறந்த கார் சிட்ரோயன் எஸ்எம். 1970-இல் வந்த அந்தப் பிரெஞ்சுக் காரில் மாசெராட்டி இன்ஜின். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கூடவே திரும்பி வளைவுக்குள் வெளிச்சம் பாய்ச்சும் ஹெட்லைட்டுகள், கண்ணாடிக்குள். அமெரிக்காவுக்குப் போன எஸ்எம்மில் அவற்றைப் பிடுங்கிவிட்டு நான்கு வட்ட விளக்குகளை அசையாமல் பதித்தார்கள். அப்படிக் கண்ணைப் பறிகொடுத்த காருக்கு 1972-இல் அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் இதழ் ஆண்டின் சிறந்த கார் விருது கொடுத்தது! அடுத்து பம்பர் விதி வந்தது. உயரத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் எஸ்எம்முக்கு அந்த விதியோடு ஒத்துவரவில்லை; அமெரிக்க விற்பனையே நின்றுபோனது.

பம்பர் விதியின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1973 மாடல் முதல், மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் மோதினால் விளக்கு, பெட்ரோல் அமைப்பு போன்ற பாதுகாப்புப் பாகங்களுக்குச் சேதம் வரக் கூடாது என்றது சட்டம். அடுத்த ஆண்டு பின்பக்கத்துக்கும் அதே 5 மைல். மணிக்கு எட்டு கிலோமீட்டர் என்பது கார் நிறுத்துமிடத்தில் இடிக்கிற வேகம். அந்த வேகத்தில் மனிதர் சாவது அபூர்வம். மிச்சமாவது டிங்கரிங் செலவும் இன்ஷூரன்ஸ் கணக்கும். உயிர் காக்கும் விதிகளோடு சேர்ந்து பர்ஸைக் காக்கும் விதியும் அதே பாதுகாப்பு முத்திரையோடு உள்ளே நுழைந்தது. 1982-இல் அமெரிக்க அரசே அதை இரண்டரை மைலாகக் குறைத்துக்கொண்டது. அதற்குள் ஒரு தலைமுறைக் கார்களின் முகம் மாறிவிட்டிருந்தது.

மாறிய முகங்களில் மிகவும் பரிதாபமானது எம்ஜிபி. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் தயாரான இரண்டு பேர் அமரும் திறந்த கார் அது; சாதாரணச் சம்பளக்காரரும் வாங்க முடிந்த ஸ்போர்ட்ஸ் கார். தயாரானவற்றில் பாதிக்கும் மேல் வட அமெரிக்காவுக்குத்தான் போயின. ஆகவே அமெரிக்கா தும்மினால் ஆபிங்டனுக்குச் சளி பிடிக்கும். முதலில் 1974-இல் குரோம் பம்பர் மேல் இரண்டு பெரிய ரப்பர் முட்டுகளை ஒட்டி ஒப்பேற்றினார்கள். எடுப்பான மார்புக்குப் பேர்போன சப்ரினா என்ற ஆங்கில நடிகையின் பெயரை அந்த முட்டுகளுக்கு இங்கிலாந்துக் குறும்பர்கள் சூட்டினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் குரோமே போய், இரும்புச் சட்டத்தின் மேல் கறுப்பு பாலியூரித்தேன் போர்த்திய முழு பம்பர் வந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஹெட்லைட் தரையிலிருந்து இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தது. உடம்பை மறுபடி வரையப் பணம் இல்லாத பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் குறுக்குவழியில் இறங்கியது. காரையே ஓர் அங்குலத்துக்கும் மேலாகத் தூக்கி நிறுத்தியது. வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடுவதற்கென்று தாழ்வாகப் படைக்கப்பட்ட காரை உயர்த்தினால் என்ன ஆகும்? சாய்ந்தது. போதாக்குறைக்கு, செலவை மிச்சப்படுத்த அந்தச் சாய்வைத் தடுக்கும் முன்பக்கக் கம்பியையும் திறந்த கார்களிலிருந்து நீக்கியிருந்தார்கள். தவறை உணர்ந்து, 1977 மாடலில் முன்னும் பின்னும் கம்பி போட்டார்கள். அமெரிக்க எம்ஜிபியில் இரண்டு கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒன்று. ஆரம்பத்தில் 95 குதிரைசக்தி தந்த இன்ஜின் அறுபத்துச் சொச்சம் குதிரைசக்திக்கு இறங்கியது. இரண்டு விதமான உடம்பு தயாரிக்கக் கட்டுப்படியாகாது என்பதால் இங்கிலாந்துக்காரருக்கும் அதே ரப்பர் பம்பர், அதே உயரம். அமெரிக்கச் சட்டப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திராத ஓர் ஆங்கிலேயர் தன் கிராமத்து வளைவில் சாய்ந்து சாய்ந்து போனதற்குக் காரணம் வாஷிங்டன். 1980 அக்டோபரில் ஆபிங்டன் மூடும்வரை அப்படித்தான்.

லம்போர்கினி கவுன்டாச்சுக்கு நேர்ந்தது துக்கமா சிரிப்பா என்று சொல்வது கடினம். மார்செல்லோ காந்தினி வரைந்து 1971-இல் ஜெனீவாவில் காட்டப்பட்ட அந்த ஆப்புவடிவக் கார், போஸ்டராகப் பல நாட்டுப் பையன்களின் படுக்கையறைச் சுவரில் தொங்கியது. 1980களின் நடுவில் கம்பெனியே முறைப்படி அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவெடுத்தபோது, விதிக்காக அதன் கூர்மூக்கின் மேல் ஒரு கறுப்புக் கட்டையை வைத்தார்கள். குழந்தைக்குக் கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டை முகம் முழுக்க அப்பியது போல் இருந்தது. இன்ஜின் மேல் அமர்ந்திருந்த ஆறு வெபர் கார்புரேட்டர்களும் போய், புகைவிதிக்கு அடங்கும் பாஷ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 455 இருந்த குதிரைசக்தி 414 ஆனது. கார் கைக்கு வந்ததும் பல அமெரிக்க உரிமையாளர்கள் செய்த முதல் வேலை, அந்த மூக்குக் கட்டையைக் கழற்றிப் பரணில் போட்டதுதான்.

கிரே மார்க்கெட்டுக்கு 1988-இல் கதவு சாத்தப்பட்டது. வருமானம் போகிறதே என்று அதிகாரபூர்வ விற்பனையாளர்கள் கொடுத்த நெருக்கடியும் இதில் உண்டு. பட்டறைகள் சில கதவுக்குள் குழாயே வைக்காமல் காகிதத்தில் வைத்ததாகக் காட்டிய புகார்களும் உண்டு. புதிய சட்டப்படி, பதிவு பெற்ற இறக்குமதியாளர் மட்டுமே காரை மாற்ற முடியும். காரின் மதிப்பில் ஒன்றரை மடங்குக்கு ஜாமீன் பத்திரம் கட்ட வேண்டும். அமெரிக்கப் பிரதி எதுவுமே இல்லாத காரென்றால், அது விதிகளுக்குள் வரக்கூடியது என்பதைச் சோதனைத் தரவுகளோடு நிரூபிக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு புறவாசல் வைத்தார்கள். 25 வயது நிரம்பிய காருக்குப் பாதுகாப்பு விதி எதுவும் கிடையாது.

இந்தப் புறவாசலுக்கு வெளியே நின்று தவித்தவர்களில் பில் கேட்ஸும் ஒருவர். அவர் ஆசைப்பட்டது போர்ஷே 959. 2.85 லிட்டர் இன்ஜின், இரண்டு டர்போ, நான்கு சக்கரத்துக்கும் சக்தியைக் கம்ப்யூட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. 1980களில் அது நாளைய கார். மொத்தமே முந்நூற்றுச் சொச்சம்தான். மோதிப் பார்க்க நான்கு கார் கொடுங்கள் என்றது அமெரிக்கா. முடியாது என்றது போர்ஷே. கேட்ஸின் கார் ஏறக்குறைய 13 ஆண்டுகள் சுங்கத்தின் பிடியில் கிடந்தது. உலகின் பெரும் பணக்காரரால் தன் காரைத் தெருவில் ஓட்ட முடியவில்லை என்பதைக் கேட்கும்போது சாமானியருக்கு ஒரு சின்னத் திருப்தி வருவது இயற்கைதான்.

கடைசியில் 1999-இல் நடைமுறைக்கு வந்த ‘ஷோ ஆர் டிஸ்பிளே’ விதி வழிவிட்டது. தொழில்நுட்ப அல்லது வரலாற்று முக்கியத்துவம் உள்ள, பொதுவாக 500-க்கு மேல் தயாரிக்கப்படாத காரை, மோதல் சோதனை இல்லாமலே கொண்டுவரலாம். ஆண்டுக்கு 2,500 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. புகை விதியில் மட்டும் சலுகை கிடையாது. கலிபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலியில் பட்டறை வைத்திருக்கும் முன்னாள் பந்தய ஓட்டுநர் புரூஸ் கனெப்பா அந்தச் சவாலை எடுத்துக்கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும் டர்போ ஏற்பாட்டை மாற்றி, இரண்டும் சேர்ந்து சுழலும்படி வைத்து, கன்வெர்ட்டரும் புதிய கட்டுப்பாட்டு மென்பொருளும் பொருத்தி 959-ஐப் புகைச் சோதனையில் தேற வைத்தார். புகை குறைந்ததோடு இன்ஜினின் சக்தியும் கூடியது. சட்டத்துக்காகச் செய்த மாற்றம் காரை மேம்படுத்திய அபூர்வங்களில் இது ஒன்று.

‘ஷோ ஆர் டிஸ்பிளே’ விதியில் ஒரு நிதானம் இருக்கிறது. லட்சக்கணக்கில் விற்று, தினமும் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளை ஏற்றிப் போகும் காருக்கு எழுதிய விதியை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் ஒற்றைக் காரின் தலையில் அப்படியே கட்டினால் விபரீதம்தான் விளையும். மெக்லாரன் எஃப்1-க்கு அதுதான் நடந்தது. நடுவில் ஓட்டுநர், இரு பக்கமும் சற்றுப் பின்தள்ளி ஒவ்வொரு பயணி: அந்த மூன்று இருக்கைதான் காரின் உயிர். 1990களில் அமெரிக்க விதிக்காக மாற்றப்பட்ட சில எஃப்1 கார்களில் ஹெட்லைட்டும் பம்பரும் மாறியதோடு, பக்க இருக்கைகள் இரண்டையுமே கழற்ற வேண்டியிருந்தது. இருக்கை இல்லையென்றால் அதற்கான விதியும் இல்லை! ‘ஷோ ஆர் டிஸ்பிளே’ விதி, கார் எவ்வளவு ஓடும், எத்தனை இருக்கின்றன என்று கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

25 ஆண்டு விதி கேட்பது வயதை மட்டும். நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்34 வகை 1999 ஜனவரியில் ஜப்பானில் தயாரானது. கனடாவில் 15 வயது போதும். 2014 முதல் வான்கூவரில் அதைப் பதிவு செய்து ஓட்டினார்கள். மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் சியாட்டிலில் அதே காரைச் சொந்தமாகப் பதிவு செய்ய 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணக்கு தயாரித்த மாதத்திலிருந்து என்பதால், வாங்கிய கார்களைக் கிடங்கில் பூட்டி வைத்துவிட்டுக் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள் வியாபாரிகள். பிறந்தநாளுக்கு முந்தின நாள் அபாயகரமான வாகனம், மறுநாள் பாரம்பரியச் செல்வம். இரண்டு நாளுக்கும் நடுவில் பிரேக் மாறவில்லை, கதவு மாறவில்லை. 25 ஆண்டில் உலோகம் தளர்ந்திருக்கும் என்றால், அபாயம் கொஞ்சம் கூடித்தான் இருக்கும்.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. அன்று அமெரிக்காவுக்குப் போன கார்கள் வீடு திரும்புகின்றன. அரிசோனா, கலிபோர்னியா வறண்ட காற்றில் துருப்பிடிக்காமல் கிடந்த எம்ஜிபிகளையும் இ-டைப்களையும் இங்கிலாந்துக்காரர்கள் கப்பலேற்றி அழைத்துப் போகிறார்கள். அங்கே மறுபடி ஒரு சுற்று மாற்றம்: பின்னால் சிவப்பாகக் கண்சிமிட்டும் இண்டிகேட்டர் மஞ்சளாக வேண்டும், ஹெட்லைட்டின் சாய்வு இடப்பக்கம் திரும்ப வேண்டும். பலர் ஸ்டியரிங்கையே வலப்பக்கம் மாற்றிவிடுகிறார்கள். ரப்பர் பம்பரைக் கழற்றி குரோம் மாட்டவும், உடம்பைப் பழைய உயரத்துக்கு இறக்கவும் கடைகளில் தயார்நிலைப் பெட்டிகளே கிடைக்கின்றன. பம்பரைக் கழற்றினால் மட்டும் போதாது. அதற்காக வெட்டப்பட்ட மட்கார்டின் கீழ்மூலையில் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்து, மெழுகி, பெயின்ட் அடிக்க வேண்டும். அன்று சட்டத்துக்காக வெட்டியதை இன்று ஆசைக்காக ஒட்டுகிறார்கள்.

ஓட்டுவதற்காக வாங்கியவர் உயரத்தை இறக்குவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எம்ஜிபியின் அந்த ஓர் அங்குலம் யாருக்கும் நன்மை செய்ததில்லை. ஆனால் ‘பிறந்த மேனிக்குத் திருப்புகிறேன்’ என்று 1976-ஆம் ஆண்டுக் காரை 1966-ஆம் ஆண்டுக் காராக வேடம் கட்டுவது மீட்பு ஆகாது. அந்தக் கார் பிறந்ததே கறுப்பு பம்பரோடுதான். ரப்பர் பம்பர் எம்ஜிபிகள் மலிவாகப் போவதால் அவற்றை அறுத்து வேடம் மாற்றுவதும் சுலபமாக இருக்கிறது. ஒரு நாடு எந்த ஆண்டில் எதற்குப் பயந்தது, எதை அளந்தது, எங்கே சறுக்கியது என்பதைத் தொட்டுப் பார்க்கும்படி வைத்திருக்கும் பொருள்கள் அதிகம் இல்லை. கவுன்டாச்சின் மூக்குக் கட்டை அசிங்கம்தான். அது பரணிலாவது பத்திரமாக இருக்கட்டும். கார் விற்கும்போது கூடவே கைமாறட்டும்.

இந்த விஷயத்தில் ஜெர்மானியர்களின் கணக்கு கவனிக்கத்தக்கது. அங்கே 30 வயது தாண்டிய, நல்ல நிலையில் உள்ள காருக்கு, எண்ணின் முடிவில் ‘எச்’ எழுத்து போட்ட தனிப் பலகை கொடுக்கிறார்கள். 1997 முதல் இருக்கும் ஏற்பாடு. பரிசோதகர் கார் அசலாக இருக்கிறதா என்று பார்ப்பார். மாற்றங்கள் இருந்தால், அவை கார் முதலில் பதிவாகிப் பத்து ஆண்டுகளுக்குள் நடந்தவையா என்பது ஒரு முக்கியமான அளவுகோல். அந்தக் காலத்தில் நடந்த மாற்றத்தை அந்தக் காலத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

1984-இல் ஜெர்மனியில் வாங்கி, கலிபோர்னியாவில் கதவறுத்து, நாற்பது ஆண்டு கழித்து ஹாம்பர்க் துறைமுகத்தில் திரும்ப இறங்கும் ஒரு காரை நினைத்துப் பார்க்கலாம். மைல் காட்டும் ஸ்பீடோமீட்டரும் டேங்க் வாயருகே மங்கிப்போன ஆங்கில ஸ்டிக்கரும் அதில் இருக்கும். கதவின் கண்ணாடி ஏறாமல் அடம்பிடித்தால் புதிய உரிமையாளர் ஒருநாள் தோல் அட்டையைக் கழற்றுவார். பொந்துக்குள் குழாய் இருந்தால், பட்டறைக்காரர் நாணயமானவர் என்று தெரிந்துகொள்வார். இல்லாவிட்டால், போட்டோவில் இருந்தது வேறு காரின் கதவு.